ஆறாவது கட்டம்

படிவத்தில் ஆறாவது கட்டம்: பிஎச்.
தசமத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வேண்டும்
என்று அச்சிலேயே கேட்கிறது.
எனக்கு முன்பு இரவு ஷிஃப்ட் பார்த்தவர்
இரண்டு வருடமும்
13.00 என்று எழுதிப் போயிருக்கிறார்.
நல்ல கையெழுத்து.
பூஜ்யங்கள் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி.

பகாவ் டவுனிலிருந்து பதினொரு கிலோமீட்டர்.
செம்பனை லாரிகள் காலியாகத் திரும்பிய பிறகு
ஆலையில் மிஞ்சுவது
கொதிகலனும், நானும்,
கேட்டில் நேப்பாளத்துத் தில்பகதூரும்.
எண்ணெயை டீசலாக்கும் புதுக் கொட்டகையில்
மூன்று தொட்டி.
மெத்தனாலில் கரைந்த காரம்
உள்ளே சத்தமில்லாமல் கிடக்கும்.

முதல் வாரம் மீட்டரை விட்டுப் பார்த்தேன்.
12.81 என்றது. கொஞ்சம் யோசித்து 13.46.
தே ஓ குடித்துவிட்டு வந்தால் 11.90.
பழுது என்று நினைத்தேன்.
பழுதில்லை.
அந்தக் கண்ணாடிக் குமிழ் தண்ணீரிடம் படித்தது.
ஏழுதான் நடு என்பது தண்ணீர் போட்ட சட்டம்;
மெத்தனாலில் நடு வேறெங்கோ,
எட்டைத் தாண்டி.
நா வறண்டவனிடம் வழி கேட்டால்
கையை எந்தப் பக்கமாவது நீட்டுவான் அல்லவா,
அப்படி ஓர் எண்.

'தண்ணீரில் ஊற்றி அளந்தால் என்ன?'
கோலாலம்பூரிலிருந்து வந்த எஞ்சினியர் ஹஸ்புல்லா.
ஊற்றிய நொடியே அது வேறு பொருள், என்சிக்.
தண்ணீரை மிஞ்சிய காரம் எதையும்
தண்ணீர் விட்டுவைக்காது.
நகராட்சி ஆள் வேலிச் செடியை வெட்டுகிற மாதிரி
தன் உயரத்துக்கு நறுக்கிவிடும்.
எது ஓங்கி நின்றது, எது தயங்கி நின்றது,
அப்புறம் கேட்டுப் பயனில்லை.
அவர் கவனமாகக் கேட்டார்.
கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்.

அன்று நடுச்சாமம்
என் சிலி பாடி சம்பலைத் தொட்டுவிட்டுத்
தில்பகதூர் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தான்.
கண்ணீர் நிற்கவில்லை.
குழம்பின் மேல் மிதந்த எண்ணெயில்
சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். நின்றது.
காரம் என்றே இதற்கும் பெயர் எங்களுக்கு.
அவனுக்கு அதைப் பாதி மலாயில் விளக்கப் பார்த்து
விட்டுவிட்டேன்.

ஆகையால், உலர்ந்த குடுவை.
இரண்டு கிராம்,
மூடியைத் திறந்த கையோடு மூடி;
வெளியே மழை, காற்றெல்லாம் ஈரம்,
ஈரத்துக்கு இந்தக் காரத்தின் மேல் ஒரு கண்.
ஐசோபுரொப்பனால். பினால்ஃப்தலின் மூன்று சொட்டு.
பசார் மாலாமில் பையில் கட்டித் தரும்
பண்டோங் நிறம்.
பியூரெட்டிலிருந்து அமிலம் இறங்க இறங்க
நிறம் போகும்.
குலுக்கினால் திரும்பி வரும்.
அரைச் சொட்டு.
போகும்.
வராது.

22.1 மில்லி. மறுநாள் 22.1.
அதற்கடுத்த நாள் 22.0, என் கண் என்று விட்டேன்.
வியாழக்கிழமை 20.6.
மறுபடி செய்தேன். 20.6.
டார்ச்சோடு மூன்றாம் தொட்டியின் மேல் ஏறினால்
மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது,
கூரைத் தகரம் நேராக அதன் மேல் ஒழுகுகிறது.
விடிகாலை மூன்றே காலுக்கு
பம்பை நிறுத்திவிட்டுத்தான் மேனேஜரை எழுப்பினேன்.
திட்டினார். பிறகு வந்து பார்த்தார்.

பழைய கட்டைப் புரட்டினேன்.
போன வருடம் மார்ச் ஒன்பது.
ஒரு தொட்டி எண்ணெய் முழுவதும் சோப்பாக உறைந்து
மண்வெட்டியால் வெட்டி எடுத்த இரவு.
ஆறாவது கட்டத்தில்,
அதே கையெழுத்தில்,
13.00.

நான் 'பொருந்தாது' என்று மலாயில் எழுதினேன்.
இப்போது படிவம் கணினிக்கு மாறிவிட்டது;
எழுத்தை அது ஏற்பதில்லை, எண் மட்டும்.
காலை ஆறே முக்காலுக்கு
அந்தக் கட்டம் சிவப்பில் மினுங்கத் தொடங்கும்.
மினுங்கட்டும்.
குடுவைகளைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்,
கடைசி அலசல்
தண்ணீரில் இல்லை.